ஃபார்முலா தெரிகிறது, மெக்கானிக்ஸ் கணக்கு மட்டும் ஏன் தப்பாகிறது?

ஜூன் 18, இரவு 9.10 (கேள்வி)

அக்கா, நான் பதினொன்றாம் வகுப்பு, வியாசர்பாடி. இயக்க விதிகள் பாடத்தில் ஃபார்முலா எல்லாம் மனப்பாடம். நியூட்டன் விதி மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கணக்கு என்று உட்கார்ந்தால் பத்தில் ஆறு தப்பு. விடைத்தாளில் சார் 'கவனக்குறைவு' என்று எழுதித் தருகிறார். எவ்வளவு கவனமாகப் போட்டாலும் இதேதான். தப்பு எங்கே நுழைகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜூன் 18, இரவு 10.40

முதலில் அந்தச் சொல்லை ஓரமாக வைத்துவிடலாம். 'கவனக்குறைவு' என்பது தப்பின் பெயர் அல்ல. எனக்கும் அதையேதான் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்கள். காலாண்டில் கப்பிக் கணக்கு போனது, அரையாண்டில் சாய்தளக் கணக்கு போனது. அடுத்த தேர்வில் ஒவ்வொரு பெருக்கலையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். பெருக்கல் எல்லாம் சரியாகவே இருந்தது, விடை மட்டும் தப்பு.

பல வருடம் கழித்து, அயனாவரத்தில் வீட்டிலேயே டியூஷன் ஆரம்பித்த பிறகு, அந்த விடைத்தாள்களைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். இரண்டு கணக்கிலும் நான் செய்தது ஒரே தப்பு. கயிற்றில் ஒரு பொருள் தொங்கினால் கயிற்றின் இழுவிசை அதன் எடைக்குச் சமம் என்று எழுதியிருந்தேன். பொருள் அசையாமல் தொங்கினால்தான் அது சரி. முடுக்கத்தோடு இறங்கும் பொருளுக்குச் சரியில்லை. இரண்டு தேர்விலும் மார்க் போனது இந்த ஒரே நம்பிக்கையால்தான். யாராவது அப்போது விரல் வைத்துக் காட்டியிருந்தால் அரையாண்டில் அது போயிருக்காது.

அதனால் உனக்கு ஒரு வேலை. தப்பான அந்த ஆறு கணக்கையும் எடு. சரியான தீர்வைப் பக்கத்தில் வை. மேலிருந்து வரி வரியாக இறங்கி, உன்னுடையது முதன்முதலில் பிரியும் வரியை மட்டும் வட்டமிடு. அதற்குக் கீழே இருப்பதைப் படிக்காதே, அது எல்லாம் அந்த ஒரு வரியின் பிள்ளைகள். ஆறு வட்டத்தையும் இங்கே எழுது.

ஜூன் 19, காலை 6.20

கப்பியைச் சொன்னேன், எண்ணோடு சொல்லவில்லை. 3 கிலோ ஒரு பக்கம், 2 கிலோ இன்னொரு பக்கம், நிறையற்ற கப்பி, ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) 10 என்று வை. 1784இல் ஜார்ஜ் அட்வுட் தன் நூலில் விவரித்த கருவியின் எளிய வடிவம் இது. முடுக்கம் (30 − 20) ÷ 5 = 2. இழுவிசை 2 கிலோ பக்கத்திலிருந்து பார்த்தால் 20 + 4 = 24 நியூட்டன். 3 கிலோ பக்கத்திலிருந்து பார்த்தால் 30 − 6 = 24. நான் 30 என்று எழுதியிருந்தேன். 30 என்றால் 3 கிலோவின் மீது மொத்த விசை பூஜ்யம், அது இறங்கவே கூடாது. ஆனால் அதே பக்கத்தில் அடுத்த வரியில் முடுக்கம் 2 என்று எழுதியிருக்கிறேன். ஒரே பொருள், ஒரே நேரத்தில் இறங்கவும் இறங்காமலும் இருக்கிறது.

இதில் ஒரு சோதனையும் உண்டு. லேசானது ஏறுகிறது, அதனால் இழுவிசை 20ஐவிட அதிகம். கனமானது இறங்குகிறது, அதனால் 30ஐவிடக் குறைவு. இழுவிசை எப்போதும் இரண்டு எடைக்கும் நடுவில்தான் இருக்கும். விடை அந்த எல்லைக்கு வெளியே போனால் திரும்பிப் பார்.

ஜூன் 19, மாலை 7.30

உன் ஆறு வட்டங்களைப் பார்த்தேன். நன்றாகச் செய்திருக்கிறாய். கூட்டல், பெருக்கல் தப்பு ஒன்றே ஒன்றுதான். மற்ற ஐந்தும் விசைகளை அம்புகளாகப் போடும் படத்திலேயே ஆரம்பிக்கின்றன. ஐந்தில் மூன்றில் 'செங்குத்து விசை = எம்ஜி' என்று எழுதியிருக்கிறாய், அதாவது தரை பொருளைத் தாங்கும் விசை அதன் எடைக்கே (நிறை × ஜி) சமம் என்று. அதை மட்டும் இன்று பேசலாம், இது பரவலான தப்பு, வகுப்புக்கு வகுப்பு பார்க்கிறேன்.

கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டையைத் தரையோடு இழுத்துப் போவதைப் பார்த்திருப்பாய். மூட்டை 20 கிலோ. கயிறு தரைக்கு 30 டிகிரி சாய்வாக மேல்நோக்கி இருக்கிறது, இழுப்பு 100 நியூட்டன். இயக்க உராய்வுக் குணகம் 0.2, அதாவது நகரும்போது உராய்வு, செங்குத்து விசையில் 0.2 பங்கு. முடுக்கம் என்ன?

நீ போடும் முறை: செங்குத்து விசை 200, உராய்வு 40, கிடைமட்ட இழுப்பு 100 காஸ் 30, அதாவது 86.6. மிச்சம் 46.6. இருபதால் வகுத்தால் 2.33.

ஆனால் கயிறு மேல்நோக்கியும் இழுக்கிறது. 100 சைன் 30 என்றால் 50 நியூட்டன் மூட்டையைத் தூக்கப் பார்க்கிறது. தரை தாங்க வேண்டியது 150தான். உராய்வு 30. மிச்சம் 56.6. முடுக்கம் 2.83.

இப்போது அதே ஆள் பின்னாலிருந்து அதே 30 டிகிரியில் கீழ்நோக்கி அழுத்தித் தள்ளுகிறார் என்று வை. தரை 250 தாங்குகிறது, உராய்வு 50, முடுக்கம் 1.83. 'செங்குத்து விசை = எம்ஜி' என்று போட்டால் இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் ஒரே விடை வரும். மூட்டை தூக்குகிறவரைக் கேட்டுப் பார், இழுப்பது சுலபமா தள்ளுவது சுலபமா என்று உடனே சொல்வார். அவர் கைக்குத் தெரிந்த வித்தியாசத்தை உன் சமன்பாடு காட்டவில்லை என்றால் சமன்பாட்டில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

செங்குத்து விசைக்குச் சொந்தமாக ஃபார்முலா கிடையாது. தரை எவ்வளவு தாங்க வேண்டியிருக்கிறதோ அவ்வளவு. ஒவ்வொரு கணக்கிலும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தெரியாத எண் அது.

ஜூன் 19, மாலை 7.50

சேர்க்க மறந்தது. உன் ஐந்தாவது வட்டம், புத்தகமும் மேசையும். புத்தகத்தின் எடையும் மேசை தரும் விசையும் நியூட்டன் மூன்றாம் விதி ஜோடி என்று எழுதியிருக்கிறாய். இரண்டுமே புத்தகத்தின் மேல்தான் செயல்படுகின்றன, அதனால் ஜோடியாக முடியாது. பூமி புத்தகத்தை இழுக்கிறது என்றால் அதன் ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. பெயர்களை இடம் மாற்றிச் சொல்லிப் பார், அவ்வளவுதான்.

ஜூன் 21, காலை 8.00

அண்ணா நகரிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார்: 'தினமும் நூறு கணக்கு போட்டால் தப்பு தானாக நின்றுவிடும். என் மகனுக்கு அப்படித்தான் செய்கிறோம்.'

சார், பயிற்சி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் செங்குத்து விசை எப்போதும் எம்ஜி என்று நம்பும் பையன் நூறு கணக்கு போட்டால், சமதளத்தில் வெறுமனே வைத்த கட்டையாக எழுபது வந்துவிடும், அந்த எழுபதிலும் அவனுடைய நம்பிக்கைதான் ஜெயிக்கும். மிச்சம் முப்பதில் தோற்கும்போது விடையைப் பார்த்துத் திருத்திக்கொண்டு அடுத்ததுக்குப் போவான். நம்பிக்கை அப்படியே இருக்கும், இன்னும் கெட்டிப்பட்டு. பத்து கணக்கு போடச் சொல்லுங்கள். தப்பான ஒவ்வொன்றுக்கும் முதல் தப்பு வரியையும், அந்த வரியை எழுதும்போது மனதில் என்ன நினைத்தான் என்பதையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். என் டியூஷனில் அதற்குத் தப்பு நோட்டு என்றுதான் பெயர். இரண்டாவது மாதம் அந்த நோட்டைப் புரட்டினால் மூன்று நான்கு வரிகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

ஜூன் 21, இரவு 9.15

படத்தைப் பற்றி. பாடப்புத்தகத்தில் 'தனித்த பொருள் விசைப்படம்' என்று பெரிய பெயர். பிள்ளைகள் அதை மார்க்குக்காகப் போடும் அலங்காரமாக நினைக்கிறார்கள், கணக்கை முடித்துவிட்டுப் படம் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்லிக்கொடுக்கும் ஒரே விதி: அம்பு போட்டால் பக்கத்தில் கொடுப்பவர் பெயர் எழுத வேண்டும். பூமி, தரை, கயிறு, கை, ஸ்பிரிங். கொடுப்பவர் இல்லாத அம்புக்குப் படத்தில் இடமில்லை.

தெருவில் கிரிக்கெட் ஆடும்போது பந்து உயரத் தூக்கி அடிக்கப்படுகிறது. பந்து இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது, காற்றுத் தடையை விட்டுவிடு. பந்தின் மேல் என்ன விசை? வகுப்பில் கேட்டால் பாதிக்கு மேல் கை தூக்கி, 'மேல்நோக்கி பேட் கொடுத்த விசை, கீழ்நோக்கி புவியீர்ப்பு' என்பார்கள். கொடுப்பவர் யார்? பேட். பேட் எங்கே இருக்கிறது? பேட்ஸ்மேன் கையில், பந்து தண்ணீர்த் தொட்டிக்கு மேலே. தொடாத பேட் எப்படித் தள்ளும்? அந்த அம்பை அழித்தாக வேண்டும். மேலே போவது வேகம், விசை அல்ல. பந்திடம் வேகம் மிச்சமிருக்கிறது, விசை மிச்சமிருக்காது.

அதேபோல 'மையநோக்கு விசை' என்று தனி அம்பு போடாதே. கத்திப்பாரா பாலத்தின் வளைவில் பைக் திரும்பும்போது உள்நோக்கித் தள்ளுவது டயருக்கும் ரோட்டுக்கும் இடையிலான உராய்வு. அந்த உராய்வுதான் அங்கே மையநோக்கு விசையாக வேலை செய்கிறது. உராய்வையும் போட்டு மையநோக்கு விசையையும் போட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு கொடுத்த மாதிரி. மையவிலக்கு விசை என்று ஒன்று கிடையவே கிடையாது.

ஜூன் 22, பிற்பகல் 2.30

உராய்வு. சுருக்கமாக. தரையில் 10 கிலோ பெட்டி, நிலை உராய்வுக் குணகம் 0.4. நீ 15 நியூட்டனில் தள்ளுகிறாய். உராய்வு எவ்வளவு? 0.4 × 100 = 40 என்று எழுதுகிறவர்கள் அடுத்த வரியையும் எழுத வேண்டும்: 15 − 40 = −25, முடுக்கம் −2.5. பெட்டி உன்னை நோக்கி நகர்ந்து வருகிறது! 40 என்பது நிலை உராய்வு போகக்கூடிய உச்சம். நீ 15 தள்ளினால் அது 15தான் தரும். பெட்டி அசையாது.

ஜூன் 24, இரவு 10.05

லிஃப்ட் கணக்கு கேட்டிருக்கிறாய். '60 கிலோ ஆள், லிஃப்ட் கீழே இறங்கிக்கொண்டே 2 மீ/வி² வீதத்தில் வேகம் குறைகிறது. தராசு என்ன காட்டும்?' உன் விடை 60 × (10 − 2) = 480. சரியான விடை 60 × (10 + 2) = 720.

இறங்குகிறது என்றதும் கை கழித்தல் குறியைப் போட்டுவிட்டது. நகரும் திசையும் முடுக்கத்தின் திசையும் வேறு. கீழே போய்க்கொண்டே வேகம் குறைகிறது என்றால் முடுக்கம் மேல்நோக்கி. நான் படத்தில் இரண்டு அம்பையும் தனித்தனியாக, பொருளுக்கு வெளியே போடச் சொல்வேன், திசைவேகத்துக்கு ஒன்று, முடுக்கத்துக்கு ஒன்று. விசை அம்புகளோடு அவற்றைக் கலக்கக் கூடாது.

இதை நம்ப வைக்கப் போன வருடம் நான்கு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் முள் வைத்த எடை மெஷினோடு ஏறினேன். ஒருத்தி மேலே நின்றாள், 52. ஐந்தாம் மாடியிலிருந்து இறங்க ஆரம்பித்த கணம் முள் 50க்குக் கீழே போனது. நடுவில் திரும்ப 52. தரைத் தளத்தில் நிற்கப் போகும்போது 55ஐத் தாண்டித் துள்ளியது. நடுவில் 52க்குத் திரும்பியதுதான் அவளுக்கு ஆச்சரியம். 'இறங்கிட்டுதானே மிஸ் இருக்கோம், குறையணும்ல?' என்றாள். சீரான வேகத்தில் இறங்கும்போது முடுக்கம் பூஜ்யம் என்பதை அதுவரை அவள் எத்தனை தடவை எழுதியிருப்பாள்! இப்போதும் லிஃப்ட் நிற்கும்போது கால் கனக்கிறதா என்று கவனிக்கிறேன் என்கிறாள். வாட்ச்மேனுக்குத்தான் நாங்கள் ஏன் பதினைந்து தடவை ஏறி இறங்கினோம் என்று புரியவில்லை.

ஜூன் 27, காலை 6.45

அலகு பற்றிக் கேட்டவருக்கு. பஸ் 72 கி.மீ. வேகத்தில் போகிறது, பிரேக் அடித்தால் டயர் வழுக்கி நிற்கிறது, உராய்வுக் குணகம் 0.5. நிற்கும் தூரம்? வேகத்தின் வர்க்கத்தை, முடுக்கத்தின் (0.5 × 10 = 5) இரு மடங்கால், அதாவது 10ஆல், வகுக்க வேண்டும். 72ஐ அப்படியே போட்டால் 518 மீட்டர். அண்ணா சாலையில் எந்த பஸ்ஸாவது பிரேக் அடித்து அரை கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்குமா? 72ஐ 3.6ஆல் வகுத்து 20 மீ/வி என்று போட்டால் 40 மீட்டர். மழையில் குணகம் பாதியானால் 80.

அலகை எண்ணோடு ஒவ்வொரு வரியிலும் எழுதினால் இது தானாகப் பிடிபடும். பெரியவர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை அடைந்தபோது தொலைந்தது. தரையில் ஒரு மென்பொருள் உந்துதலைப் பவுண்டு விசை-விநாடியில் கொடுத்தது, வாங்கிய பக்கம் நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை சுமார் 4.45 நியூட்டன். அலகு சரியாக இருந்தால் விடையும் பெரும்பாலும் சரி.

ஜூன் 27, இரவு 9.30

காலையில் எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். அலகு தப்பாக இருந்தால் விடை தப்பு என்று மட்டும்தான் சொல்ல முடியும். சைனுக்குப் பதில் காஸ் போட்டால் அலகு மாறாது. ஃபார்முலாவில் இருக்கும் அரை (½) விட்டுப்போனால் அலகு மாறாது. குறி மாறினாலும் மாறாது. உன் ஆறு தப்பில் அலகு ஒன்றைக்கூடப் பிடித்திருக்காது.

அவற்றைப் பிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, எண்ணைப் போடுவதற்கு முன்பே எழுத்துகளோடு நிறுத்தி, கடைக்கோடி நிலைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது. சாய்தளத்தில் கீழே இழுக்கும் பகுதி எம்ஜி சைன் தீட்டாவா, எம்ஜி காஸ் தீட்டாவா என்று குழப்பம் வந்தால் மனப்பாடத்தைத் தேடாதே. பலகையைத் தரையில் படுக்க வை, கோணம் பூஜ்யம். பொருள் வழுக்குமா? வழுக்காது. கோணம் பூஜ்யத்தில் பூஜ்யமாவது சைன். முடிந்தது. கப்பியில் இரண்டு நிறையும் சமம் என்று வை, முடுக்கம் பூஜ்யம் வருகிறதா? ஒன்றைப் பூஜ்யமாக்கு, மற்றது தடையில்லாமல் விழுகிறதா, இழுவிசை பூஜ்யம் ஆகிறதா?

இன்னொரு வழி, வேறு பாதையில் போய் அதே இடத்துக்கு வருவது. உராய்வில்லாத 30 டிகிரி சாய்தளம், நீளம் 5 மீட்டர், மேலே ஓய்விலிருந்து விடுகிறோம். விசை வழியில் முடுக்கம் 5, வேகத்தின் வர்க்கம் 2 × 5 × 5 = 50. ஆற்றல் வழியில் உயரம் 2.5, வர்க்கம் 2 × 10 × 2.5 = 50. கணக்கை அதே வழியில் இரண்டாம் தடவை போட்டால் முதல் தப்பையே திரும்பச் செய்வாய். மனம் அதே பள்ளத்தில்தான் விழும்.

ஜூன் 30, மாலை 6.10

'கேள்வியே தப்பு' என்று ஒரு தம்பி கொண்டுவந்த கணக்கு. 15 மீட்டர் உயர மொட்டை மாடி ஓரத்தில் நின்று பந்தை மேல்நோக்கி 10 மீ/வி வேகத்தில் எறிகிறோம். எத்தனை விநாடியில் தெருவில் விழும்? அவர் எழுதியது: 15 = 10டி − 5டி². வர்க்கமூலத்துக்குள் எதிர்மறை எண் வந்தது.

மேல்நோக்கி நேர்க்குறி என்று எடுத்தால் தெரு −15இல் இருக்கிறது. −15 = 10டி − 5டி². டி 3 அல்லது −1. விடை 3 விநாடி. அவருடைய சமன்பாடு கேட்டது வேறு கேள்வி: பந்து மாடிக்கு மேலே 15 மீட்டர் எப்போது போகும்? 10 வேகத்தில் எறிந்த பந்து 5 மீட்டர்தான் ஏறும். போகவே போகாது என்று கணிதம் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது. எதிர்மறை வர்க்கமூலம் வந்தால் கேள்வியைச் சந்தேகிப்பதற்கு முன் குறிகளைப் பார்.

அந்த −1ஐயும் தூக்கிப் போடாதே. தெருவிலிருந்து 1 விநாடி முன்னால் 20 மீ/வி வேகத்தில் எறிந்திருந்தால் பந்து 1 விநாடியில் 20 − 5 = 15 மீட்டர் ஏறி, மாடியைக் கடக்கும்போது சரியாக 10 வேகத்தில் இருந்திருக்கும். அதே பாதை. எனக்கு இதை முதலில் பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது, பெரம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தேன், இரண்டு ரயிலை விட்டுவிட்டேன்.

ஜூலை 3, இரவு 8.40

கேள்வியில் இருக்கும் சொற்களே குழப்புகின்றனவே என்று தமிழ் வழியில் படித்த ஒருவர் கேட்டது முக்கியமான விஷயம். கேள்வியைப் படிப்பதிலேயே நமக்குச் சில சிக்கல்கள் உண்டு. கடையில் 'எடை 60 கிலோ' என்போம், அது நிறை. இயற்பியலில் எடை நியூட்டனில்தான். பேச்சில் வேகம் என்பது எல்லாவற்றுக்கும், பாடத்தில் வேகம் வேறு, திசைவேகம் வேறு. அப்புறம், கேள்வியில் ஒவ்வொரு அடைமொழியும் ஒரு சமன்பாடு. 'வழவழப்பான' என்றால் உராய்வு பூஜ்யம். 'சீரான திசைவேகத்தில்' என்றால் மொத்த விசை பூஜ்யம். 'ஓய்விலிருந்து' என்றால் தொடக்கத் திசைவேகம் பூஜ்யம். 'நீட்சியற்ற கயிறு' என்றால் இரண்டு பொருளின் முடுக்கமும் அளவில் ஒன்று. 'நிறையற்ற கப்பி' என்றால் இரண்டு பக்கமும் ஒரே இழுவிசை. என் பிள்ளைகள் கேள்வியைப் படிக்கும்போதே இந்தச் சொற்களுக்கு அடிக்கோடு போட்டு மேலே சமன்பாட்டை எழுதிவிடுவார்கள். கணக்கை முடித்ததும் அடிக்கோடிட்ட ஏதாவது பயன்படாமல் கிடந்தால் அங்கே நிறுத்துவோம்.

ஜூலை 5, காலை 7.15

இரண்டு திருத்தம்.

ஒன்று. மையவிலக்கு விசை கிடையவே கிடையாது என்று ஜூன் 21இல் எழுதினேன். பாடப்புத்தகத்தில் இருக்கிறதே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். நான் ரோட்டோரத்தில் நின்று பைக்கைப் பார்த்தால் அந்த விசைக்கு வேலை இல்லை. பைக்கோடு சேர்ந்து சுழலும் இடத்திலிருந்து பார்த்தால், அங்கே பைக் ஓய்வில் இருக்கிறது, நியூட்டன் விதியை அங்கே பயன்படுத்த வேண்டுமானால் மையவிலக்கு விசையைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும். அது போலி விசை, அதனால்தான் கொடுப்பவர் பெயர் எழுத முடிவதில்லை. 150 கிலோ பைக்கும் ஆளும், 10 மீ/வி, ஆரம் 50 மீட்டர் என்றால் ரோட்டோரத்திலிருந்து: உராய்வு 300 நியூட்டன் = நிறை × முடுக்கம். பைக்கிலிருந்து: உராய்வு 300 உள்ளே, மையவிலக்கு 300 வெளியே, முடுக்கம் பூஜ்யம். இரண்டும் சரி. பாதி கணக்கை இங்கேயும் பாதியை அங்கேயும் நின்று போட்டால்தான் கெடும்.

இரண்டு. கப்பியில் இழுவிசை எப்போதும் இரண்டு எடைக்கும் நடுவில் என்று சொன்னேன். கப்பி ஆடாமல் மாட்டியிருந்தால் மட்டும். அதே 3, 2 கிலோ அமைப்பை 5 மீ/வி² முடுக்கத்தில் மேலே போகும் லிஃப்டில் மாட்டினால் இழுவிசை 36. முப்பதைத் தாண்டிவிட்டது. 'எப்போதும்' என்று எழுதும் இடத்தில் நானும் நின்று யோசிக்க வேண்டும். சுட்டிக்காட்டிய கொளத்தூர் நண்பருக்கு நன்றி.

ஜூலை 9, இரவு 10.20

பந்து கேள்வியில் பாதி வகுப்பு தவறுகிறது என்றால் சொல்லிக்கொடுப்பவர் சரியில்லை என்று ஒருவர். அந்தப் பாரத்தை ஏற்கிறேன். ஆனால் இது அயனாவரத்தில் மட்டும் நடப்பதில்லை. 1992இல் அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டீனஸும் அவருடைய சகாக்களும் விசை பற்றி ஒரு வினாத்தாள் வெளியிட்டார்கள். ஒரு இடத்தில்கூடக் கணக்கு கிடையாது. தப்பான விடைகளாகக் கொடுத்திருப்பவை மாணவர்கள் உண்மையில் நம்பும் விஷயங்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் தன் மாணவர்களிடம் இந்த மாதிரிக் கருத்துக் கேள்விகளைக் கொடுத்தபோது, கடினமான கணக்குகளைப் போடத் தெரிந்தவர்கள் எளிய கருத்துக் கேள்விகளில் தடுமாறினார்கள். அதன்பிறகு அவர் பாடம் நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார்.

இதைப் படித்த பிறகு நானும் ஒன்றை மாற்றினேன். விசைப்படத்துக்கு மட்டும் ஒரு நாள். எண் கிடையாது, விடை கிடையாது. பத்து சூழ்நிலை, பத்து படம், கொடுப்பவர் பெயர். முதல் வாரம் பிள்ளைகளுக்குச் சலிப்பு. அம்மாக்களும் 'என்ன மிஸ், கணக்கே போடல போல' என்று கேட்பார்கள். மூன்றாம் வாரம் கேட்பதில்லை.

ஜூலை 9, இரவு 10.35

நீட் எழுதுகிறவருக்கு ஒன்று. சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு. மேலே சொன்ன லிஃப்ட் கணக்கு அங்கே வந்தால் 480, 600, 720 மூன்றும் விருப்பங்களில் இருக்கும் என்று வைத்துக்கொள். உன் விடை விருப்பங்களில் இருக்கிறது என்பது விடை சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. அந்த நேரத்தில் இரண்டு வழியில் போட நேரமில்லை. முடுக்கம் எந்தப் பக்கம், விடை எம்ஜியைவிடக் கூடவா குறைவா, இந்த இரண்டை மட்டும் கணக்கு தொடங்கும் முன் ஓரத்தில் எழுது. ஐந்து விநாடி.

ஜி 10 போடலாமா 9.8 போடலாமா என்பவர்களுக்கு: கேள்வியில் சொன்னதைப் போடுங்கள். சென்னையில் உண்மையில் அது சுமார் 9.78. பத்துக்கும் அதற்கும் இரண்டு சதவீதச் சொச்சம்தான் வித்தியாசம். விடை இரண்டு மடங்காகத் தப்பினால் பழியை ஜி மேல் போட முடியாது.

ஜூலை 20, காலை 6.30

வியாசர்பாடிப் பெண் நேற்று எழுதியிருக்கிறாள். பத்தில் மூன்று தப்பாம். மூன்றிலும் முதல் வரியை அவளே வட்டமிட்டு, பக்கத்தில் என்ன நினைத்தாள் என்றும் எழுதியிருக்கிறாள். முதல் இரண்டைத் தானே திருத்திவிட்டாள். மூன்றாவது மட்டும் பிடிபடவில்லை என்கிறாள்: அதே 3 கிலோ, 2 கிலோ, ஆனால் கப்பி 2 கிலோ நிறையுள்ள வட்டத்தட்டு, கயிறு வழுக்காது. அவள் வட்டமிட்ட வரி, 'இரண்டு பக்கமும் இழுவிசை டி'. பக்கத்தில், 'கப்பி என்றால் ஒரே இழுவிசை என்று நினைத்தேன். தப்பு என்று தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை.'

சரியான இடத்தில் வட்டம் போட்டிருக்கிறாய், ம்மா. ஜூலை 3இல் எழுதியதைப் பார், ஒரே இழுவிசை என்பது 'நிறையற்ற' என்ற சொல்லிலிருந்து வந்தது, கப்பி என்ற சொல்லிலிருந்து அல்ல. இங்கே அந்தச் சொல் இல்லை. கப்பிக்கு நிறை இருக்கிறது, அதைச் சுழல வைக்க யாராவது திருப்ப வேண்டும். கொடுப்பவர் கயிறு. இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் கப்பி திரும்ப ஆரம்பிக்காது. வட்டத்தட்டுக்கு நிறையில் பாதி சேரும், அதனால் முடுக்கம் 10 ÷ (3 + 2 + 1) = 1.67. 3 கிலோ பக்கம் இழுவிசை 25, 2 கிலோ பக்கம் 23.3. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1.67, அதுதான் கப்பியைத் திருப்புகிறது. கப்பியின் நிறையைப் பூஜ்யமாக்கி நீயே ஒரு தடவை போட்டுப் பார், இரண்டும் 24க்கு வருகிறதா என்று எழுது.